விடுதலைக்குப் பின்னும் ஒரு வேலி



தமிழில் ‘விடுதலை’ என்ற சொல்லுக்கு ஒரு விசேடம் உண்டு. ஒரு நாடு அந்நியர் ஆட்சியிலிருந்து நீங்குவதையும் விடுதலை என்கிறோம். ஒரு கைதி சிறைக் கதவைத் தாண்டி வெளியே வருவதையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். அதனால்தானோ என்னவோ, ‘இன்னார் விடுதலை செய்யப்பட்டார்’ என்று பத்திரிகையில் ஒரு வரி வந்ததும் கதை முடிந்தது என்று நம் மனம் நிறைவு கொள்கிறது. மறுநாட் காலையில் அந்த மனிதர் எங்கே இருந்தார், யாரிடம் போய்க் கையெழுத்திட்டார், எதை எழுத முடியாமல் பேனாவை மூடி வைத்தார் என்ற செய்திகள் பத்திரிகையில் இடம்பெறுவது அரிது. சிறைக்கும் சுதந்திரத்துக்கும் நடுவே அரசுகள் கட்டி வைத்திருக்கும் அந்த மூன்றாவது அறையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்த அறை புதிதாகக் கட்டப்பட்டதன்று. பிரித்தானியர் தம் குற்றவாளிகளை அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய காலத்தில், நன்னடத்தை உள்ள கைதிக்கு ஒரு விடுப்புச் சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டை வைத்திருப்பவன் கூலிவேலை செய்யலாம்; குறித்த மாவட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது; குறித்த நாளில் அதிகாரியிடம் தோன்ற வேண்டும். பின்னர் அதே முறை இங்கிலாந்துக்குள்ளேயே வந்தது. 1913 இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சிறையில் உண்ணாவிரதம் இருந்த பெண்களைச் சமாளிக்க ஒரு சட்டம் இயற்றினார்கள். உடல் நலிந்தவளை வெளியே விடுவது, வெளியே இருக்கும் வரை அவளுடைய இருப்பிடத்தைப் பொலிசார் அறிந்திருப்பது, உடல் தேறியதும் மீண்டும் பிடித்து அடைப்பது என்பதே ஏற்பாடு. மக்கள் அதற்குச் சூட்டிய பெயர் ‘பூனை எலிச் சட்டம்’. பூனையின் பிடி தளர்வதை எலி விடுதலை என்று எண்ணிவிடக் கூடாது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

தமிழிலக்கிய அன்பர்களுக்கு இந்த அறை எங்கே இருந்தது என்று காட்ட வேண்டுமானால், நான் திருநெல்வேலிச் சீமையின் கடையத்தைத்தான் காட்டுவேன்.

1908 இல் புதுச்சேரிக்குப் போன சுப்பிரமணிய பாரதியார் பத்தாண்டுகள் அங்கே இருந்தார். பிரெஞ்சு மண் அவருக்கு அடைக்கலம் தந்தது உண்மை. ஆனால் பிரித்தானிய உளவாளிகளின் கண் அவரை விட்டு அகலவில்லை. முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11 ஆம் திகதி ஓய்ந்தது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20 ஆம் திகதி, அவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். பிரித்தானிய எல்லைக்குள் கால் வைத்ததும் கடலூருக்கு அருகே கைது செய்யப்பட்டார். 24 நாள் காவலில் இருந்தார். டிசம்பர் 11 ஆம் திகதி வந்த அவருடைய 36 ஆவது பிறந்த நாள் அந்தக் காவலிலேயே கழிந்தது. அன்னி பெசன்ட் அம்மையார், சி. பி. ராமசாமி ஐயர், ‘சுதேசமித்திரன்’ ரங்கசாமி ஐயங்கார் போன்றோர் அவருக்காகப் பரிந்து பேசினர். டிசம்பர் 14 ஆம் திகதி விடுதலை கிடைத்தது.

என்ன விடுதலை? திருநெல்வேலி மாவட்டத்தில் குறிக்கப்பட்ட இடத்தில் வசிக்க வேண்டும். அரசியலில் ஈடுபடக் கூடாது. எதை எழுதி அச்சுக்குக் கொடுப்பதானாலும் முதலில் இரகசியப் பொலிஸ் பிரிவின் உயர் அதிகாரிக்கு அனுப்பி அனுமதி பெற வேண்டும். இவையே நிபந்தனைகள். மனைவி செல்லம்மாளின் ஊரான கடையம் அவருக்கு வாய்த்தது.

பொதிகை மலைச் சாரலிலே வயலும் ஓடையும் சூழ்ந்த அழகிய ஊர் கடையம். நித்திய கல்யாணி அம்மன் கோயில் அங்கே உண்டு. அழகில் குறையில்லை. ஆனால் பத்திரிகையே மூச்சாக வாழ்ந்த ஒருவரை அச்சுக்கூடமும் வாசகர் கூட்டமும் இல்லாத ஊரிலே இருத்தி, அவர் எழுதுவதைப் பொலிஸ் அதிகாரி முதல் வாசகராகப் படிக்க வேண்டும் என்றால் அதன் பொருள் என்ன? ஒரு கவிஞன் கடிதத் தாளை எடுக்கும் போதே அதிகாரியின் முகம் அவன் முன்னே வந்து உட்கார்ந்து விடுகிறது. வெட்டப்படப் போகும் வரியை அவனே முன்கூட்டி வெட்டிவிடப் பழகுகிறான். தணிக்கை செய்பவருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். அந்த வேலையிற் பாதியைச் சம்பளமில்லாமல் செய்வது எழுதுபவன்.

பாரதியார் கடலூர்ச் சிறையிலிருந்து சென்னை ஆளுநருக்கு எழுதிய விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் பணிந்து போனார் என்று சொல்வோர் உண்டு. அரசியலைத் துறந்துவிட்டதாக அவர் அதில் எழுதினார் என்பது மறைக்க வேண்டிய செய்தியன்று. ஆனால் அந்தக் கடிதத்தைத் தனியே படிப்பது நியாயமாகாது என்பது என் கருத்து. பத்தாண்டுப் புலப்பெயர்வுக்குப் பின், மனைவி மக்களை வெளியே விட்டு, எப்போது விடுவார்கள் என்று தெரியாத காவலில் இருந்து எழுதிய கடிதம் அது. கதவைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு எழுதும் மொழி வேறு. தன் மக்களுக்கு எழுதும் மொழி வேறு. நிபந்தனை விதிக்கும் அரசுகள் நாடுவதும் இதைத்தான். உள்ளே இருப்பவன் தன் கையாலேயே தன்னை மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியே வந்த பின் அவனுடைய தோழர்கள் அந்தத் தாளைக் காட்டியே அவனைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்த வேலி ஓட்டையே இல்லாத வேலியாகவும் இருக்கவில்லை. 1919 தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து போனதும், அங்கே காந்தியடிகளைச் சந்தித்ததும் நாம் அறிந்தவை. ஆனாலும் வாழ்க்கை கடையத்திலேயே கட்டுண்டு கிடந்தது. அங்கிருந்து 1920 நடுப்பகுதியில் அவர் ஒரு திட்டத்தை அன்பர்களுக்கு எழுதி அனுப்பினார். தம் எழுத்துக்களையெல்லாம் 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி வீதம் மொத்தம் 4 இலட்சம் பிரதி அச்சிடுவது என்பதே திட்டம். அதற்கான பணத்தைக் கடனாகக் கேட்டார். பணம் வரவில்லை. மலையடிவாரக் கிராமத்தில், கையில் காசில்லாமல், 4 இலட்சம் பிரதிகளைக் கனவு கண்ட அந்த மனத்தை நினைக்கும் போது, நிபந்தனைகள் அவரை முற்றாக வெல்லவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். தடை 1920 இல் நீங்கி, அவ்வாண்டின் இறுதியில் அவர் சென்னைக்கு மீண்டு ‘சுதேசமித்திர’னில் அமர்ந்தார். 1921 செப்டெம்பரில் காலமானார். கடலூர்ச் சிறையை விட்டு வந்த பின் அவருக்கு எஞ்சியிருந்த ஆயுள் 33 மாதம். அதில் ஏறத்தாழ 2 வருடம் கடையத்திலே போயிற்று. 24 நாள் சிறையை நாம் வரலாற்றில் எழுதுகிறோம். 2 வருட வேலியை ‘கடைய வாசம்’ என்று இனிமையாகக் குறிப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

வேலிக்கு வேறு வடிவங்களும் உண்டு. வ. உ. சிதம்பரம்பிள்ளை 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருடைய வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. கப்பல் ஓட்டியவர் மளிகை வியாபாரம் பார்த்துக் குடும்பம் நடத்த வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் கழித்து வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி உரிமத்தை மீட்டுக் கொடுத்தார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ. உ. சி. சுப்பிரமணிய சிவாவோ சிறையிலே தொழுநோய்க்கு ஆளாகி வந்தார். நோயைக் காட்டி அவரைப் புகைவண்டியில் ஏற விடவில்லை. ஊரூராக நடந்தே சென்று பேசினார் அவர். ஒருவரின் தொழிலிலும் மற்றவரின் காலிலும் கட்டுப் போட்டார்கள்; பாரதியாருக்குப் பேனாவில் போட்டார்கள். மூவரும் பத்திரிகைச் செய்தியின்படி விடுதலையானவர்களே.

இது வெள்ளையர் இந்தியாவோடு நின்றுவிட்ட பழக்கமுமன்று. தென்னாபிரிக்காவில் வின்னி மண்டேலாவை 1977 இல் சொவெற்றோவிலிருந்து தூக்கிச் சென்று, பிராண்ட்போர்ட் என்ற சிற்றூரில் இறக்கிவிட்டார்கள். அவ்வூர் மக்களின் பேச்சுமொழி அவருக்குப் பழக்கமில்லை. ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் அவரைச் சந்திக்கக் கூடாது என்பது கட்டளை. இருவர் சேர்ந்து வந்தால் அது கூட்டமாகிவிடும். நாற்புறமும் தரை சூழ்ந்த அந்த ஊர் அவருக்கு ஒரு தீவாக்கப்பட்டது.

தீவு என்ற சொல் வந்துவிட்டதால் எங்கள் தீவுகளுக்கு வருகிறேன்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலின் நடுவே நிற்கும் கோட்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கேயர் கட்டியதை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். வரைபடத்தில் இலங்கை ஒரு பன்றித் தொடை போல அவர்களுக்குத் தோன்றியதாம். அதன் குதிப் பகுதியில் இருப்பதால் ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் அது சிறையாகவும் பயன்பட்டது. 1971 கிளர்ச்சியின் பின்னர் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜே.வி.பி. கைதிகள் சிலரையும் அதற்குள் அடைத்து வைத்தார்கள். அவர்களின் தலைவர் ரோகண விஜேவீர 1971 ஏப்ரலில் யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். அவரை மீட்க வந்த முயற்சி தோல்வியில் முடிந்தது. பின்னர் 1977 இல் புதிய அரசாங்கம் அவர்களைத் தண்டித்த சட்டத்தையே நீக்கி அவரை வெளியே விட்டது. 1982 இல் அவர் சனாதிபதித் தேர்தலிலே போட்டியிடுமளவுக்கு அந்த விடுதலை முழுமையாக இருந்தது. சிறைக் கோட்டை பின்னர் கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதியாயிற்று. சிறைக் கூடங்களுக்கும் நிபந்தனையற்ற விடுதலை கிடைத்துவிடுகிறது.

மனிதருக்கான சட்டம் வேறு வழியிற் போயிற்று. 1958 கலவரத்தின் பின் தமிழரசுக் கட்சி தடை செய்யப்பட்டு, அதன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள். ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினராக அப்போது இருந்தவர் வி. ஏ. கந்தையா. வாக்களித்த மக்கள் தம் பிரதிநிதியைத் தேடிப் போனால் வாசலில் பொலிசாரைத்தான் காண முடியும் என்ற நிலையை நாடு அப்போது முதன்முதலாகப் பார்த்தது. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகச் சட்டம் என்ற பெயரில் வந்தது. 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. தடுத்து வைக்கும் அதிகாரம் பற்றிய அதன் 9 ஆம் பிரிவைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டு பிரிவு தள்ளி இருக்கும் 11 ஆம் பிரிவைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அமைச்சருக்குச் சந்தேகம் தோன்றினால் போதும். ஒருவர் எங்கே வசிக்கலாம், எங்கே வேலை செய்யலாம், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எங்கே பயணம் செய்யலாம், எந்தச் சங்கத்தில் சேரலாம், கூட்டத்தில் பேசலாமா என்பனவற்றையெல்லாம் எழுத்து மூலமான ஒரு கட்டளையால் அவர் வரையறுக்க முடியும். தன் நடமாட்டத்தைக் குறித்த அதிகாரிக்கு அறிவிக்கும்படியும் பணிக்கலாம். ஒரு தடவைக்கு 3 மாதம். நீடித்து நீடித்து 2022 வரை 18 மாதம் வரை போக முடிந்தது. நேயர்களே, கடையத்து நிபந்தனைகளை ஒரு தாளிலும் இந்தப் பிரிவை இன்னொரு தாளிலும் எழுதி அருகருகே வைத்துப் பாருங்கள். வசிப்பிடம், அரசியல், நடமாட்டம் என்று வரிக்கு வரி ஒத்து வரும். ஆண்டவர் மாறினர், வேலியின் அளவுகோல் மாறவில்லை.

2009 இல் போர் முடிந்த பின் இன்னொரு வகை விடுதலையை எங்கள் மக்கள் கண்டார்கள். ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளைப் புனர்வாழ்வு நிலையங்களில் வைத்துப் படிப்படியாக விடுவித்ததாக அரசாங்கம் அறிவித்தது. பெரும்பாலோருக்கு நீதிமன்ற விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆகவே எப்போது தண்டனை முடிகிறது என்ற திகதியும் இல்லை. ஊர் திரும்பியவர்கள் படையினரின் சிவில் அலுவலகத்தில் பதிவதும், குறித்த நாளிற் போய்க் கையெழுத்திடுவதும், வெளியூர் போவதானால் சொல்லிவிட்டுப் போவதும் பல இடங்களில் வழக்கமாயின. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்காது. பாரதியாருக்காவது நிபந்தனை எழுத்தில் இருந்தது.

தீவிலே கண்காணிப்பு மிக எளிது. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு என்று தாம்போதிகளால் இணைந்த பகுதிக்குப் பண்ணைப் பாலம் ஒன்றே தரைவழி வாசல். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போவதென்றால் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். யார் வந்தார், யார் போனார், பையில் என்ன என்பதை அந்த ஒரு துறையில் நின்றே அறிந்துவிடலாம். 1990களின் தொடக்கத்திலிருந்து கடற்படையின் பிடியில் இருந்த எங்கள் பகுதியில், சிறைக்குப் போகாதவனும் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாத காலம் ஒன்று இருந்தது. சிறைக்குப் போய் வந்தவன் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

எனக்குப் பழக்கமான ஒருவர் இருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம். என்னிடம் ஒரு காலத்தில் படித்தவர் என்று மட்டும் சொல்கிறேன். புனர்வாழ்வு முடிந்து வந்து, பரவைக் கடலிலே களங்கண்டி வைத்து இறால் பிடித்துக் குடும்பம் நடத்துகிறார். களங்கண்டித் தொழில் வற்றும் பெருக்கும் பார்த்துச் செய்கிற தொழில். கையெழுத்து நாள் வற்றையும் பெருக்கையும் பார்த்து வருவதில்லை. அந்நாளில் வலையிற் பட்டது நண்டுக்கும் பறவைக்கும் போய்விடும். வவுனியாவில் இருக்கும் தங்கையின் பிள்ளைக்குச் சடங்கு என்றால், போய்த் தங்கப் போகும் வீட்டு விலாசத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்த வீட்டுக்கும் ஆள் போகும். ஆகவே தங்கை வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டார். விசாரிக்க வருகிறவர்கள் மரியாதையாகத்தான் வருவார்கள். பூவரச மர நிழலில் கதிரை போட்டு இருந்து, தேநீரும் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பின் பக்கத்து வளவுச் சனம் இரண்டு மூன்று நாளைக்கு வேலிக்கு அருகே வராது. ஒரு நாள் அவர் என்னிடம் சொன்னார்: “மாஸ்ரர், உள்ளுக்கை இருக்கேக்கை நான் ஒருத்தன் மட்டுந்தான் உள்ளுக்கை இருந்தனான். வெளியிலை வந்தாப் பிறகு வீட்டுச் சனம் முழுக்க உள்ளுக்கை.”

இந்த விடயம் பற்றி நான் படித்த நீண்ட அறிக்கைகள் எதுவும் இந்தச் சின்ன வாக்கியம் சொன்னதைச் சொல்லவில்லை. சிறை ஒருவரைப் பிடிக்கிறது. நிபந்தனை அவரைச் சுற்றியிருப்பவர்களையும் பிடிக்கிறது. மனைவி வாயை அடக்கப் பழகுகிறாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் தகப்பனின் கதையை மறைக்கப் பழகுகிறது. அயலவன் கண்டும் காணாமல் போகப் பழகுகிறான். இதற்குப் பெருஞ்செலவில்லை. காவற்காரர் சிலரும் ஒரு கொப்பியும் போதும். மிச்ச வேலையை ஊரே செய்துவிடுகிறது.

எழுத்தாளரை இது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றும் எங்கள் அயலிலேயே இருக்கிறது. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ‘நவரசம்’ என்ற தமது கவிதைத் தொகுப்பின் காரணமாக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். தமிழ்க் கவிதைக்கு என்ன பொருள் என்பதைத் தீர்மானிப்பது அங்கேயும் புலனாய்வு அதிகாரியின் வேலையாயிற்று. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பிணைக்கும் தீர்ப்புக்கும் இடையே 2 வருடம். கடைய வாசமும் அதே அளவுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த 2 வருடத்தில் ஓர் இளங்கவிஞர் எழுதாமல் விட்ட வரிகளை எந்த நீதிமன்றமும் மீட்டுக் கொடுக்க முடியாது.

பாதுகாப்புக்கு இவையெல்லாம் வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆயுதம் எடுத்த ஒருவர் மீண்டும் அந்த வழிக்குப் போகாமற் பார்த்துக்கொள்ளும் கடமை எந்த அரசுக்கும் உண்டு. ஆனால் அந்தக் கடமைக்கு மூன்று எல்லைகள் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும். அதை விதிப்பது நீதிமன்றமாக இருக்க வேண்டும். அது முடியும் திகதி முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத நிபந்தனை தண்டனைதான்; அதுவும் தீர்ப்பில்லாத தண்டனை. மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருவரை ஊரோடு ஒட்ட விடாமல் வைத்துக்கொண்டே அவர் ஊரோடு ஒட்டவில்லை என்று சந்தேகிப்பது, கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் இறைக்கவில்லை என்று குறை சொல்வது போன்றது.

சட்டத்தை மாற்றுவது சட்டம் இயற்றுவோர் கையில் இருக்கிறது. அயலவன் செய்யக்கூடிய காரியம் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. கடையத்து அக்கிரகாரம் பாரதியாரை ஒதுக்கி வைத்தது. அரசாங்கம் அப்படிச் செய்யும்படி அவர்களைக் கேட்கவில்லை. அவர்கள் தாமாகவே செய்தார்கள். இன்று அந்த ஊருக்குப் போகிறவர்கள் அவர் நடந்த வீதியைக் கேட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அன்று அவரோடு திண்ணையில் இருந்து பேசியவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். நம்முடைய ஊரிலும் சிறைக்குப் போய் வந்த ஒருவர் இருப்பார். அவர் கூப்பிட்ட கலியாணத்துக்குப் போவதும், அவர் பிடித்த இறாலை வாங்குவதும், அவருடைய வாசலில் நின்று நாலு வார்த்தை கதைப்பதும் எந்தச் சட்டத்தாலும் தடுக்கப்படாத காரியங்கள். கண்காணிப்பவரின் கொப்பியில் நம் பெயரும் விழுமே என்று அஞ்சி விலகினால், அந்தக் கொப்பியை எழுதிக் கொடுப்பவர் நாமாகிவிடுகிறோம்.

‘விடுதலை’ என்ற ஒரே சொல்லை நாட்டுக்கும் கைதிக்கும் நம் முன்னோர் வைத்திருப்பதில் ஓர் அளவுகோலும் அடங்கியிருக்கிறது. கைதிக்குக் கிடைக்கும் விடுதலை எவ்வளவு முழுமையானதோ, நாட்டுக்குக் கிடைத்த விடுதலையும் அவ்வளவுதான் முழுமையானது.